பிடியரிசிக் கணக்கு

நண்பர்களோடு கூடி மகிழ்வது இளமையின் உரிமை. அம்மகிழ்ச்சிக்கு ஆகும் செலவைப் பற்றி மட்டும் நண்பர்கள் வாய்திறந்து பேசுவதில்லை. பேசுவது கஞ்சத்தனமாகத் தோன்றும் என்ற கூச்சமே காரணம். பேசாமல் விட்ட செலவோ மறைந்துவிடுவதில்லை; கூட்டத்தில் யாருடைய பை மிக மெலிந்ததோ அவர் தலையில் சென்று இறங்குகிறது. செலவை அளவோடு வைத்திருப்பது சிக்கனம் மட்டுமன்று. உடன் இருக்கும் நண்பருக்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகும். விருதுநகர்ச் சீமையின் வாழ்க்கையை வைத்தே இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கந்தக மண்ணின் வருமானம்

மழை குறைந்த கரிசல் நிலம் விருதுநகர் மாவட்டம். வேளாண்மை கைகொடுக்காத இவ்வட்டாரத்தில் வெயிலையே முதலாக்கிக்கொண்டு தொழில்கள் வளர்ந்தன. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923ஆம் ஆண்டில் தம் ஊரில் அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. தீப்பெட்டியின் மேல் ஒட்டும் வண்ணச் சீட்டுகளை அச்சிட வேண்டிய தேவையிலிருந்து அச்சகங்கள் பெருகின. இன்று நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இவ்வட்டாரத்திலிருந்தே செல்கிறது. சுவரில் தொங்கும் நாட்காட்டியும் கையில் இருக்கும் குறிப்பேடும்கூடச் சிவகாசியில் அச்சானவையாக இருக்கக்கூடும்.

இத்தொழில்களின் வருமானம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் ஆறன்று. மருந்து செலுத்திய பட்டாசு வெயிலில் காய வேண்டும். மழை பெய்தால் வேலை நின்றுபோகும். செய்த அளவுக்கே கூலி என்பதால், வேலை நின்ற நாளில் கூலியும் நிற்கும். நாடெங்கும் தீபாவளி கொண்டாடி முடிக்கும்போது பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடப்படுகின்றன. பிறருடைய மகிழ்ச்சிக்காக ஆண்டெல்லாம் உழைத்தவர் வீட்டில், பண்டிகை முடிந்த கையோடு வருமானம் இல்லாத நாள்கள் தொடங்குகின்றன. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்கும் நேரத்தை வரையறுத்ததோடு, சரவெடிக்குத் தடையும் விதித்தது. காற்றின் தூய்மை கருதி அளிக்கப்பட்ட அத்தீர்ப்புக்குப் பின், சரம் பின்னிப் பிழைத்த கைகள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

இவ்வாறு வருமானம் ஏறியும் இறங்கியும் வரும் வீடுகளில் பெரியவர்கள் செலவை எப்படி நடத்துகிறார்கள்? வேலை மிகுந்த மாதத்தில் அரிசியும் பருப்பும் வாங்கி வைக்கிறார்கள். தீபாவளிச் சீட்டில் வாரந்தோறும் சிறு தொகை கட்டிப் புத்தாடைக்கும் பலகாரத்துக்கும் முன்கூட்டியே வழி செய்துகொள்கிறார்கள். முதலில் சேர்த்து வைத்துப் பிறகு செலவிடுவதே அவர்கள் கற்ற பாடம். அதே வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளை, நண்பர் கூட்டத்தில் இதற்கு நேர்மாறான பழக்கத்தைச் சந்திக்கிறான்.

ஒரே சீருடை, வேறு வேறு பை

பதினொன்றாம் வகுப்பு ஒன்றை மனத்தில் கொள்வோம். அச்சக உரிமையாளரின் மகனும், பட்டாசு ஆலையில் திரி வெட்டும் தாயின் மகனும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கிறார்கள். பருப்பு வணிகரின் மகளும், வீட்டுத் திண்ணையில் காகிதக் குழாய் சுற்றுபவரின் மகளும் ஒரே பாடநூலைப் பகிர்ந்து படிக்கிறார்கள். அவர்களுக்கிடையே உள்ள நட்பு உண்மையானது. வகுப்பறைக்குள் அவர்களை வேறுபடுத்திக் காட்டும் பொருள் எதுவும் இல்லை. விருதுநகரில் பிறந்து தமிழக முதலமைச்சரான காமராசர், பள்ளிப் பிள்ளைகளிடையே ஏற்றத்தாழ்வு தெரியக்கூடாது என்று கருதியே சீருடைத் திட்டத்தைக் கொண்டுவந்தார்.

மாலை மணி அடித்தபின் சீருடையின் காவல் முடிந்துவிடுகிறது. ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் கேக்கு வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு இருநூறு ரூபாய் போட வேண்டும். தேர்வு முடிந்தால் எல்லோரும் சேர்ந்து திரைப்படம் பார்க்க வேண்டும். பிறகு பரோட்டாக் கடை. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் வண்டி பிடித்துப் போக வேண்டும். பங்குனிப் பொங்கலுக்கு ஒரே நிறத்தில் சட்டை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சிறியது. ஆனால் இவற்றுள் எதற்கும் “எவ்வளவு ஆகும்?” என்று முதலில் யாரும் கேட்பதில்லை. கேட்டவர் நட்பை எடை போட்டவராகிவிடுவார் என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள்.

அந்த அச்சத்தின் விலையைக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். “வீட்டில் வேலை இருக்கிறது” என்று சொல்லி அவர் விலகுகிறார். அடுத்த முறை “உடம்பு சரியில்லை” என்கிறார். மூன்றாம் முறை அவரை யாரும் அழைப்பதில்லை. அவருக்கு இதிலெல்லாம் விருப்பமில்லை என்று நண்பர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். விருப்பம் இருந்தது, இருநூறு ரூபாய்தான் இல்லை. ஒருவரைக் கூட்டத்திலிருந்து வெளியேற்ற யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் பேசப்படாத ஒரு தொகை அவரை வெளியேற்றிவிட்டது.

விலகாமல் நிற்பவரின் நிலை இன்னும் கடினமானது. அவர் தாயிடம் பொய் சொல்லிப் பணம் வாங்குகிறார். அல்லது கடன் வாங்குகிறார். அல்லது விடுமுறை நாளில் எங்கேனும் வேலைக்குப் போகத் துணிகிறார். கந்தக மண்ணில் இத்துணிவு உயிரோடு விளையாடுவது. பதினெட்டு வயது நிரம்பாதவரை வெடிபொருள் சார்ந்த தொழில்களில் அமர்த்தக்கூடாது என்று 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தெளிவாகத் தடுக்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகில் உள்ள முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இவ்வூர் மறக்கவில்லை. ஒரு மாலைப்பொழுதின் செலவுக்காக ஒரு மாணவன் மருந்து அறையின் வாசலை மிதிக்க நேர்ந்தால், அந்த மாலையில் உடனிருந்து மகிழ்ந்த அனைவரும் அதற்குப் பொறுப்பாளிகளே.

காட்டுவதற்கான செலவு

நண்பர்களின் செலவு ஏன் தானே பெருகுகிறது? உண்பதற்கும் பயணத்துக்கும் ஆகும் செலவு ஓர் அளவில் நின்றுவிடும். வயிறு நிறைந்தால் கை தானே பின்வாங்கும். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் செலவுக்குத்தான் எல்லை இல்லை. தார்ஸ்டீன் வெப்லன் என்னும் அமெரிக்க அறிஞர் 1899ஆம் ஆண்டில் எழுதிய நூலில், மனிதர் தம் தகுதியைப் பிறருக்கு உணர்த்துவதற்காகவே பொருளைச் செலவிடும் போக்கை விரிவாக ஆராய்ந்தார். தேவைக்கான செலவு தேவையோடு முடியும். தகுதி காட்டும் செலவோ அடுத்தவர் செலவைத் தாண்டும்வரை முடிவதில்லை.

வெப்லன் கண்டது பெருஞ்செல்வரின் உலகம். இன்று அதே போக்கு ஒவ்வொருவர் கையிலும் உள்ள அலைபேசிக்குள் வந்துவிட்டது. சென்ற மாதம் ஒருவர் பிறந்தநாளுக்கு எடுத்த படம் இந்த மாதப் பிறந்தநாளுக்கு அளவுகோலாகிறது. அவருக்கு ஒரு கிலோ கேக்கு என்றால் இவருக்கு இரண்டு கிலோ. அவருக்குப் பதாகை என்றால் இவருக்கு இரண்டு பதாகைகள். கேக்கில் பாதி முகத்தில் பூசப்படுகிறது. படம் மட்டும் பரவுகிறது. அலைபேசிவழிப் பணப் பரிமாற்றம் வாழ்க்கையைப் பெரிதும் எளிதாக்கியிருக்கிறது. அதே வேளையில், நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மனத்தில் எழும் சிறு தயக்கத்தையும் அது நீக்கிவிட்டது. தயக்கம் என்பது பலமுறை அறிவின் குரல்.

மொய்யேடும் பிடியரிசியும்

கூடி வாழ்வதற்கான செலவை நம் முன்னோர் எப்படி ஒழுங்கு செய்தார்கள் என்று பார்த்தால், இரண்டு வழிகள் தெரிகின்றன.

ஒன்று மொய். தென்மாவட்டங்களில் இதனைச் செய்முறை என்றும் கூறுவர். திருமணமோ காதணி விழாவோ நடக்கும் வீட்டுக்கு உற்றார் அனைவரும் பணம் கொடுத்துத் தாங்குவது நல்ல எண்ணத்தில் பிறந்த வழக்கம். ஒரே நாளில் வரும் பெருஞ்செலவைப் பலரும் பகிர்ந்துகொள்வதே அதன் நோக்கம். ஆனால் மொய் ஏட்டில் பெயரோடு எழுதப்படுகிறது. சில இடங்களில் ஒலிபெருக்கியில் படிக்கவும்படுகிறது. வாங்கியவர் அதே அளவிலோ சற்றுக் கூட்டியோ திருப்பிச் செய்ய வேண்டும். அடுத்தடுத்துச் செய்முறை வரும் மாதத்தில் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் உண்டு. உதவியாகத் தொடங்கிய ஒன்று, பெயரும் தொகையும் எழுதப்பட்டதும் கடனாக மாறிவிடுகிறது.

மற்றொன்று மகமை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களின் வணிக உறவின்முறையினர், தாம் வாங்கி விற்கும் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கு ஒதுக்கினர். மூட்டை மிகுதியாக ஏற்றியவர் மிகுதியாகக் கொடுத்தார். குறைவாக ஏற்றியவர் குறைவாகக் கொடுத்தார். அந்நிதியிலிருந்து தங்கும் பேட்டைகள் எழுந்தன, கிணறுகள் தோண்டப்பட்டன, பிறகு பள்ளிகள் பிறந்தன. விருதுநகர்ச் சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு எழுந்த பள்ளிகளுள் ஒன்று. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அவ்வாறு வீடுகள்தோறும் சேர்ந்த அரிசியைத் திரட்டிப் பள்ளியை நடத்த உதவினர். பிடியரிசிப் பள்ளி என்றே அது பேசப்பட்டது. காமராசர் படித்ததும் அங்கேதான்.

பிடியரிசி முறையில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, அரிசி உலையில் விழுவதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. உண்டு மிஞ்சியது பொதுவுக்கு என்ற பேச்சு இல்லை. இரண்டாவது, அளவு அவரவர் கையின் பிடி. யாருக்கும் தாங்க முடியாத அளவு அன்று. மூன்றாவது, பொதுப் பானையில் கொட்டிய பின் எந்த அரிசி யாருடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கொடுத்தவர் பெருமைப்படவும் வழியில்லை. குறைவாகக் கொடுத்தவர் கூசவும் வழியில்லை.

இன்றைய மாணவர் நட்பு, தெரிந்தோ தெரியாமலோ, மொய்யேட்டின் வழியில் நடக்கிறது. “அவன் எனக்கு இவ்வளவு செய்தான், நான் அதற்குக் குறையாமல் செய்ய வேண்டும்” என்ற கணக்கு ஒவ்வொரு மனத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. அக்கணக்கை அழித்துவிட்டு, நட்பைப் பிடியரிசியின் வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே என் கருத்து. அன்று மகமை ஓர் உறவின்முறையின் எல்லைக்குள் நின்று தொகுக்கப்பட்டது. வகுப்பறை நட்புக்கு அத்தகைய வேலி எதுவும் இல்லை என்பதால், அந்த நல்வழியை நாம் இன்னும் விரிந்த அளவில் கையாள முடியும்.

வள்ளுவர் வைத்த இடம்

திருக்குறளில் நட்பைப் பற்றி மட்டும் ஐந்து அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன. உடை நழுவும் கணத்தில் கை எவ்வளவு விரைவாகச் சென்று காக்கிறதோ, அவ்வளவு விரைவாக நண்பனின் இடரைக் களைவதே நட்பு என்பது வள்ளுவர் காட்டும் இலக்கணம். அவர் பேசிய நட்பில் விருந்தின் அளவும் பரிசின் விலையும் இடம்பெறவில்லை. நண்பனின் மானத்துக்கு ஊறு நேராமல் காப்பதே முதன்மையாக நிற்கிறது. நண்பர் முன்னிலையில் ஒருவர் பணமின்றிக் கூசி நிற்கும் கணமும் உடை நழுவும் கணம்தான். அப்போது விரைந்து செல்ல வேண்டிய கை நம்முடையது.

செலவின் அளவைப் பற்றி வள்ளுவர் கூறும் இடம் மேலும் எண்ணத் தக்கது. வருவாயின் வழி குறுகியதாக இருந்தாலும், செலவின் வழி அதைவிட அகலாமல் இருந்தால் கேடில்லை என்கிறார். தன்னிடம் உள்ளதன் அளவை ஆராயாமல் ஒப்புரவு செய்பவனின் செல்வம் விரைவில் அழியும் என்றும் எச்சரிக்கிறார். இக்கருத்துகளை அவர் வறுமையைப் பேசும் நல்குரவு அதிகாரத்தில் வைக்கவில்லை. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். செலவின் அளவை அறிவது ஏழ்மையின் அடையாளம் அன்று. தன் வலிமையை அறிந்தவனின் அடையாளம். “என்னால் இவ்வளவுதான் முடியும்” என்று நண்பர்முன் நிமிர்ந்து சொல்லும் மாணவர் வலிமையோடு பேசுகிறார் என்பதை மற்றவர்கள் உணர வேண்டும்.

சங்க காலத்தில் பிசிராந்தையார் என்னும் புலவரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் நேரில் காணாமலே நட்புப் பூண்டனர். சோழன் வடக்கிருந்தபோது, தன் நண்பன் வந்தே தீருவான் என்று நம்பி அவருக்கு இடம் ஒதுக்கச் செய்தான். புலவரும் வந்து சேர்ந்தார். அந்நட்பில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. நண்பருக்காக ஓர் இடம் ஒதுக்கி வைத்தல் மட்டுமே இருந்தது. நட்பு முதலில் கேட்பது அந்த இடத்தைத்தான்.

எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாறு கூறும்போது சில மறுப்புகள் எழலாம். அவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

“நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு?” என்பது முதல் மறுப்பு. கணக்கே கூடாது என்பவரின் மனத்தில் கணக்கு இல்லாமல் இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் காபிக்குப் பணம் கொடுத்தவர் அதனை நினைவில் வைத்திருக்கிறார். கொடுக்காதவர் அதைவிட ஆழமாக நினைவில் வைத்திருக்கிறார். முன்கூட்டி ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிட்டால், பின்னர் பலமுறை மனத்துக்குள் எண்ண வேண்டியதில்லை. சப்பானில் நண்பர்கள் கூடி உண்டபின் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொள்ளும் வழக்கத்துக்கு வாரிகான் என்று பெயர். அவ்வாறு பகிர்வதை அங்கு யாரும் அன்பின் குறையாகக் கருதுவதில்லை.

“வசதி உள்ள நண்பர் எல்லோருக்குமாகச் செலவிட்டால் என்ன?” என்பது இரண்டாவது மறுப்பு. எப்போதேனும் ஒருமுறை அவ்வாறு செய்வது அன்பு. எப்போதும் ஒருவரே செலவிட்டால், மற்றவர்கள் அவருடைய பேச்சுக்கு மறுபேச்சுப் பேசத் தயங்குவார்கள். எந்தப் படத்துக்குப் போவது, எந்தக் கடையில் உண்பது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்வார். நட்பு மெல்ல மெல்லப் பரிவாரமாகிவிடும். வசதி உள்ளவர் மிகுதியாகக் கொடுப்பதில் தவறில்லை. அது பொதுப் பானையில் பெயரின்றி விழ வேண்டும்.

மூன்றாவது மறுப்புச் சிவகாசிக்கே உரியது. “பிறர் செலவிட்டால்தானே நம் ஊர் பிழைக்கிறது? எல்லோரும் கையை இறுக்கிக்கொண்டால் பட்டாசும் வாழ்த்து அட்டையும் நாட்காட்டியும் யார் வாங்குவார்?” இக்கேள்வி நேர்மையானது. கொண்டாட்டமே கூடாது என்பவர் கந்தக மண்ணின் அடுப்பை அணைக்கச் சொல்கிறார். நாம் கூறுவது அதுவன்று. கடன் வாங்கி இந்த ஆண்டு பெருந்தொகைக்குப் பட்டாசு வாங்கியவர் அடுத்த ஆண்டு கம்பி மத்தாப்புக்கும் வழியின்றி நிற்பார். தன் அளவறிந்து வாங்கியவர் ஆண்டுதோறும் வாங்குவார். ஆண்டுதோறும் வரும் வாடிக்கையாளரே உழைப்பவருக்கு ஆண்டுதோறும் வேலை தருகிறார். கொண்டாட்டம் அளவோடு இருந்தால்தான் தொடர்ந்து இருக்கும்.

செய்து பார்க்கத் தக்க வழி

கருத்து கணக்காக மாறினால்தான் பயன்படும். பத்து நண்பர்கள் கொண்ட கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் பிறந்தநாளுக்கு மற்ற ஒன்பது பேரும் ஆளுக்கு 200 ரூபாய் போட்டால், ஆண்டில் ஒவ்வொருவரும் 1,800 ரூபாய் கொடுத்திருப்பார். பத்துப் பேருக்கும் சேர்த்து 18,000 ரூபாய். அத்தொகையில் பெரும்பகுதி கேக்காகவும் பதாகையாகவும் காகிதத் துணுக்குகளாகவும் மறுநாள் குப்பைக்குச் சென்றிருக்கும்.

இதற்கு மாறாக, மாதம் ஒன்றுக்குச் சராசரியாக ஆளுக்கு 30 ரூபாய் என்று பொது உண்டியல் ஒன்றில் போட்டு வந்தால், மாதம் 300 ரூபாய், ஆண்டுக்கு 3,600 ரூபாய் சேரும். ஒரு பிறந்தநாளுக்கு 200 ரூபாய் என்று பத்துப் பிறந்தநாளுக்கும் 2,000 ரூபாய் செலவிட்டாலும் 1,600 ரூபாய் மிஞ்சும். ஒவ்வொருவருக்கும் ஆகும் செலவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. எல்லோரும் எல்லாப் பிறந்தநாளிலும் கலந்துகொள்கிறார்கள். ஒருவருக்குத் திடீரெனத் தேர்வுக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்தால் எடுத்துக் கொடுக்கக் கையில் ஒரு தொகையும் இருக்கிறது. இருநூறு ரூபாயில் பத்துப் பேருக்குத் தேநீரும் ஒரு பொட்டலம் சாத்தூர்ச் சேவும் போதாதா?

இந்த உண்டியலில் யார் எவ்வளவு போட்டார் என்று எழுதி வைக்க வேண்டாம். முப்பது என்பது கூட்டத்தின் சராசரி மட்டுமே. ஆலை மூடிய மாதத்தில் ஒருவர் பத்து ரூபாய் போடலாம். ஒன்றும் போடாமலும் இருக்கலாம். மற்றொருவர் ஐம்பது போடலாம். எவ்வளவு எடுத்தோம், எதற்குச் செலவிட்டோம் என்பதை மட்டும் எல்லோரும் அறிய எழுதி வைக்க வேண்டும். வரவில் பெயர் வேண்டாம். செலவில் ஒளிவு வேண்டாம். தொகை பெரிதாக வளராமல் பார்த்துக்கொள்வதும், அவ்வப்போது எண்ணி எல்லோருக்கும் காட்டுவதும் நட்பைச் சந்தேகத்திலிருந்து காக்கும். வட்டி தருவதாகச் சொல்லும் பதிவு பெறாத சீட்டுகளில் அதனைக் கொண்டுபோய்ப் போடக்கூடாது.

வெளியூர்ப் பயணம் போன்ற பெரிய செலவு வரும்போது, நாளைக் குறிக்கும் முன்பே தொகையைக் குறிக்க வேண்டும். அத்தொகை கூட்டத்தில் மிகக் குறைந்த வசதி உடையவரும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். “உன்னால் முடியுமா?” என்று ஒருவரைத் தனியே கேட்டு அவரைச் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. வசதி உள்ளவரே முந்திக்கொண்டு, “குறைந்த செலவில் போவோம், பேருந்தில் போவோம், வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொள்வோம்” என்று சொல்லிவிட்டால் போதும். அச்சொல்லை யார் சொல்ல வேண்டும் என்பதில்தான் நட்பின் பண்பு வெளிப்படுகிறது. வசதி இல்லாதவர் சொன்னால் அது வேண்டுகோள் ஆகிவிடும். வசதி உள்ளவர் சொன்னால் அது வழக்கமாகிவிடும்.

செலவே இல்லாத கூடல்களும் இம்மாவட்டத்தில் நிறைய உண்டு. மழைக்குப் பின் நீர் நிறைந்த கண்மாய்க் கரை, மாலை நேரக் கபடித் திடல், ஊர் நூலகத்தின் நீண்ட மேசை, பங்குனிப் பொங்கலின்போது விடிய விடிய மக்கள் நடமாடும் தெருக்கள் ஆகிய எதற்கும் நுழைவுச்சீட்டு இல்லை. பரோட்டாக் கடைக்கே போனாலும், விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைப் பிய்த்து நடுவில் வைத்து நால்வர் பகிர்ந்து உண்பதில் சுவை குறைந்துவிடுவதில்லை.

நிறைவாக

காமராசர் ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தும் தமக்கென்று சொத்துச் சேர்க்காமல் 1975ஆம் ஆண்டு மறைந்தார். அவர் வாழ்ந்த எளிய வீடு விருதுநகரில் இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. அவ்வீட்டைக் காணச் செல்பவர்கள் அவருடைய சிக்கனத்தைப் புகழ்வார்கள். அவர் தமக்கு மட்டுமே சிக்கனமாக இருந்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு என்று வந்தபோது, 1956ஆம் ஆண்டில் அதனை நாடறிந்த திட்டமாகத் தொடங்க அவர் தயங்கவில்லை. ஊரார் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்த பள்ளியில் படித்த சிறுவன், பின்னாளில் பல இலட்சம் பிள்ளைகளின் தட்டில் சோறு விழ வழி செய்தான்.

அடுத்த முறை நண்பர்கள் கூடும்போது, செலவைப் பற்றிய பேச்சை முதலில் எடுப்பவர் நீங்களாக இருங்கள். சென்ற முறை “வீட்டில் வேலை இருக்கிறது” என்று சொல்லி வராமல் போனவர் யார் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவரும் வந்து அமரக்கூடிய அளவுக்கு அந்த மாலையின் செலவைச் சுருக்குங்கள். பிறகு அவருக்கென ஓர் இடம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவரை அழையுங்கள்.